ஆணி வரிசைக்கு அந்தப் பக்கம்

ஹால்வர் ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்த முதல் திங்கட்கிழமையே ரக்னாவின் கோழிக்கூட்டில் குறை கண்டுபிடித்துவிட்டார். கூடு ஓர் அங்குலம் கிழக்கே சாய்ந்திருக்கிறதாம். தண்டவாளத்தின் மேல் கன்னத்தை வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கால் மைலுக்கு மேடு பள்ளம் சொல்லிவிடக்கூடிய மனிதர் அவர். முப்பத்தேழு வருஷம் ரயில் பாதையில் வேலை. அதில் இருபத்தெட்டு வருஷம் கேங் மேஸ்திரி. கோழிக்கூடெல்லாம் அவருக்கு எம்மாத்திரம்.

"கோழி முட்ட போடுதா இல்லையா?" என்றாள் ரக்னா.

"போடுது."

"போட்ட முட்ட உருண்டு ஓடுதா?"

"இல்ல."

"அப்ப மட்டம் சரியாத்தான் இருக்கு. போய்க் காபியக் குடி, மேஸ்திரி."

அவளுக்கு அறுபத்திரண்டு வயது. ஒல்லியான உடம்பு, பெரிய கைகள். கேலி செய்யும்போது மட்டும் அவரை மேஸ்திரி என்பாள். அந்த ஆகஸ்ட் மாதம் முழுக்க அப்படித்தான் கூப்பிட வேண்டியிருந்தது. விறகை அளவு பார்த்து அடுக்கினார். வாளிகளைப் பெரிதிலிருந்து சிறிதாக மாட்டினார். பால் கறக்கும் நேரத்தைப் பதினைந்து நிமிஷம் முன்னால் தள்ளலாமே என்றார். மாடு சம்மதிக்கவில்லை.

அந்த வீட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். 1913இல் மொன்டானாவின் இந்த வடக்குச் சமவெளியில் அரசாங்கம் நிலத்தைச் சும்மா கொடுத்தது. ஆளுக்கு முந்நூற்றிருபது ஏக்கர். மூன்று வருஷம் குடியிருந்து, உழுது, வீடு கட்டிக் காட்டினால் பட்டா. கல்யாணமாகாத பெண்ணும் மனுப் போடலாம், கல்யாணமானவள் போட முடியாது. அதனால் நிச்சயம் ஆன ஜோடிகள் பலரும் கல்யாணத்தைத் தள்ளிப்போட்டுவிட்டு அடுத்தடுத்த நிலத்துக்கு மனுப் போட்டார்கள். ஹால்வரும் ரக்னாவும் அப்படிப் போட்டவர்கள்தான். எல்லைக்கோடு நட்டநடுவில் ஓடும்படி ஒரே வீடு. மேற்குப் பாதி அவளுடைய நிலத்தில், கிழக்குப் பாதி அவருடையதில். பாதிக்கு ஒரு கதவு, ஒரு ஜன்னல், ஒரு கட்டில். அடுப்பு மட்டும் கோட்டின் மேல். நில அலுவலகத்து ஆள் வந்து பார்த்தால் தெரியட்டும் என்று, பலகைத் தரையில் சுவரிலிருந்து சுவர்வரை பித்தளைத் தலை ஆணிகளை ஹால்வர் வரிசையாக அடித்தார். நூல் பிடித்ததுபோல இருக்கும். அந்த ஆணிகளை யார் எவ்வளவு மதித்தார்கள் என்று தேவாலயத்துப் பாஸ்டர் கேட்கவில்லை, கேட்காததுதான் நல்லது.

விதைக்கும் கலப்பைக்கும் காசு வேண்டுமே என்று, மனுப் போட்ட அந்த மாதமே ஹால்வர் ரயிலில் கூலி வேலைக்குச் சேர்ந்தார். பதினோரு மைல் தள்ளி, பாதையோரத்துக் கேங் குடிசையில் தங்கல். சனிக்கிழமை சாயங்காலம் டிராலியில் வந்து, ரோடு குறுக்கே போகும் இடத்தில் இறங்கி, மூன்று மைல் நடந்து வீட்டுக்கு வருவார். ஞாயிறு சாயங்காலம் திரும்பிவிடுவார். அடுத்த அறுவடை வரைக்கும்தான் என்று சொன்னார். 1916இல் பட்டாவும் வந்தது, கல்யாணமும் நடந்தது. அதற்கடுத்த வருஷம் மழை பொய்த்தது. அப்புறம் வெட்டுக்கிளி. அப்புறம் கோதுமை விலை விழுந்தது. அப்புறம் வானம் மண்ணாகப் பறந்த வருஷங்கள். ஒவ்வொரு முறையும் "வர்ற வசந்தத்தோட விட்டுர்றேன்" என்றார். மகள் இங்கா ஏழு வயதுவரை அவரைச் சனிக்கிழமை அப்பா என்றே கூப்பிட்டாள்.

உழுததும் விதைத்ததும் மாடு பார்த்ததும் ரக்னா. மரம் வைத்ததும் அவள்தான்.

இந்தச் சமவெளியில் மரம் என்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. வடமேற்குக் காற்றுக்குக் கனடாவிலிருந்து இங்கேவரை தடுக்க ஒரு புதர் கிடையாது. ரக்னா வீட்டுக்கு மேற்கே, தன் நிலத்தில், மூன்று வரிசை நட்டாள். வெளி வரிசையில் மஞ்சள் பூப் பூக்கும் காரகானா முள்செடி, நடுவில் நெட்டையாக வளரும் பாப்ளர் மரம், உள்ளே காட்டுப் பிளம். கிணற்றுத் தண்ணீர் மாட்டுக்கே போதாது. பாத்திரம் கழுவிய தண்ணீர், துணி துவைத்த தண்ணீர், முகம் கழுவிய தண்ணீர் என்று ஒரு சொட்டு வீணாக்காமல் முப்பது வருஷம் வாளியில் சுமந்து ஊற்றினாள். பாதி செடி செத்தது. செத்த இடத்தில் மறுபடி வைத்தாள். ஹால்வர் ஓய்வு பெற்று வந்தபோது பாப்ளர் கூரைக்கு மேலே இரண்டாள் உயரம் நின்றது. பிளம் ஜாம் அலமாரியில் பத்து வருஷமாகக் குறைந்ததில்லை.

மரங்களுக்கு மேற்கே அறுபதடி அகலத்துக்குப் புல்லை அவள் வெட்டாமல் விட்டிருந்தாள். இடுப்புயரம் வளர்ந்து, செப்டம்பரில் காய்ந்து, வைக்கோல் நிறத்தில் நின்றது. ஹால்வரின் கண்ணை உறுத்தியது அதுதான். ரயில்காரனுக்குக் காய்ந்த புல்லைக் கண்டால் ஆகாது. எஞ்சின் பொறி பட்டு ஊரே எரிந்ததை அவர் பார்த்திருக்கிறார். ஒவ்வொரு அக்டோபரிலும் பாதையின் இரண்டு பக்கமும் புல்லைத் தாமே கொளுத்தி, தீ தாண்டாதபடி கரிப்பட்டை போட்டு வைப்பது கேங்கின் வேலை. அதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது என்று பெயர்.

"அந்தப் புல்ல வெட்டிரலாமா?" என்று ஒருநாள் சாப்பிடும்போது கேட்டார். வேகவைத்த உருளைக்கிழங்கும் உப்புப் பன்றிக்கறியும் தட்டில் இருந்தன.

"வேணாம். அது எனக்கு வேணும்."

"ஒரு பொறி விழுந்தா போதும், வீடே போயிரும்."

"முப்பது வருஷமா விழல. கெழங்கு ஆறுது, சாப்பிடு."

எதுக்கு வேணும் என்று அவர் கேட்கவில்லை. வயதாகிவிட்டது, வெட்ட முடியவில்லை, ஒப்புக்கொள்ள மனசு வரவில்லை என்று தானே ஒரு பதிலை வைத்துக்கொண்டார். பின்னாளில் அவர் மனம் திரும்பத் திரும்ப வந்து நின்றது இந்த இடத்தில்தான். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

அக்டோபர் இரண்டாம் வாரம், பக்கத்துப் பண்ணை வெண்டலின் வீட்டில் முட்டைக்கோஸ் நறுக்கி ஊறுகாய் போடும் நாள். வெண்டலின் ருஷ்ய தேசத்திலிருந்து வந்த ஜெர்மன்காரர். பீப்பாய்க் கணக்கில் போடுவார்கள். ரக்னா காலையிலேயே கத்தியும் ஏப்ரனும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். காற்றே இல்லாத காலை. அவள் வருவதற்குள் அந்தப் புல்லைக் கொளுத்தி முடித்து வைத்தால் ஆச்சரியப்படுவாள் என்று ஹால்வர் நினைத்தார். நல்ல எண்ணம்தான், அதில் சந்தேகமே இல்லை.

வேலையை முறைப்படிதான் செய்தார். மரத்துக்கும் புல்லுக்கும் நடுவே ஏர் ஓட்டி ஆறடிக்கு மண்ணைப் புரட்டினார். சாக்குகளை நனைத்து இருபதடிக்கு ஒன்றாக வைத்தார். இரண்டு பீப்பாய்த் தண்ணீர் பக்கத்தில். ஒரு மூலையில் சின்னதாகக் கொளுத்தி, புகை நேரே மேலே போகிறதா என்று பார்த்தார். போனது. ஒன்றை மட்டும் மறந்துவிட்டார்: பாதையில் கொளுத்தும்போது அவருக்குப் பின்னால் ஆறு பேர் சாக்கோடு நிற்பார்கள். வாயைத் திறந்து சத்தம் போட்டால் போதும். இன்றைக்கு அறுபத்தைந்து வயது ஆள் ஒருவர்தான்.

பத்தரை மணிக்குக் காற்று எழுந்தது. இங்கே அது அப்படித்தான் எழும், கதவைத் திறந்துவிட்டதுபோல. "வடக்குப் பக்கம் அடிங்கடா!" என்று ஹால்வர் கத்தினார். கத்திய பிறகுதான் யாருமில்லை என்று உறைத்தது. சாக்கை எடுத்துக்கொண்டு ஓடினார். எரிகிற புல்லின் தலைகள் பறந்து ஆறடி மண்ணைத் தாண்டிக் காரகானாவில் விழுந்தன. காய்ந்த முள்செடி எண்ணெய் ஊற்றியதுபோலப் பிடித்தது. அதிலிருந்து பாப்ளருக்கு. வீட்டுக் கூரையையும் மாட்டுக்கொட்டகையையும் காப்பாற்றினார். அதற்குமேல் ஒருவரால் ஆகாது. புகையைப் பார்த்து வெண்டலின் வண்டியை விரட்டிக்கொண்டு வந்தபோது ஹால்வரின் புருவம் பொசுங்கியிருந்தது, கையெல்லாம் கொப்புளம்.

ரக்னா வண்டியிலிருந்து இறங்கினாள். ஏப்ரனில் கோஸ் துணுக்குகள் ஒட்டியிருந்தன. கருகிய குச்சிகளை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை நடந்து பார்த்தாள். திரும்பி வந்து, ஹால்வரின் கையைப் பிடித்து, பீப்பாய்த் தண்ணீரில் முக்கினாள்.

"வெண்ண எடுத்துட்டு வா," என்றாள் வெண்டலினிடம். "கொப்புளத்துக்குத் தடவணும்."

அவ்வளவுதான். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் ஹால்வருக்கு அன்று கொஞ்சம் மூச்சு வந்திருக்கும்.

கல்யாணமான நாளிலிருந்து இரண்டு கட்டிலும் கிழக்குப் பாதியில், அவர் பக்கத்தில், ஒட்டிப் போட்டிருந்தன. மறுநாள் காலை ஹால்வர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்தபோது ஒன்றுதான் இருந்தது. தன் கட்டிலை ரக்னா ஆணி வரிசைக்கு அந்தப் பக்கம் இழுத்துப் போட்டிருந்தாள். தரையில் நான்கு கால் கீறல் தெரிந்தது.

"ரக்னா, மன்னிச்சிரு."

"மன்னிக்கிறதுக்கு என்ன. வேணும்னா செஞ்ச?"

"அப்புறம் ஏன் கட்டில...?"

"என் பாதி. என் கட்டில். எங்க வேணா போடுவேன்." அடுப்பில் கரண்டியால் சாம்பலைக் கிளறினாள். "பட்டா வர்றதுக்கு முந்தி, அந்த மூணு வருஷம் நான் எங்க படுத்தேன்னு உனக்குத் தெரியுமா?"

"இங்கதான்."

"இங்கன்னா? நீ பாட்டுக்கு ரயிலுக்குப் போயிட்ட. உன் பாதியில ஆள் குடியிருக்கணும்ல, இல்லாட்டி உன் மனுவத் தள்ளிருவான். ஒரு ராத்திரி என் கட்டிலு, ஒரு ராத்திரி உன் கட்டிலு. ரெண்டு பக்கமும் வெளக்கு. உன் பழைய பூட்ஸ உன் வாசல்ல வெப்பேன், காலைல திருப்பி வெப்பேன், ஆள் நடமாடுற மாதிரி. ஒரு ராத்திரி காலியாக் கெடந்த கட்டிலு மறுநாள் எப்படிக் குளுரும் தெரியுமா? எந்த ராத்திரியும் சூடான கட்டில்ல படுத்ததில்ல நான். உன் பட்டாவும் நான் தூங்கி வாங்கினதுதான், ஹால்வர்."

விளக்கேற்றி வை என்று அவளிடம் சொன்னது அவருக்கு நினைவிருந்தது. கட்டில் விஷயம் அவருக்கு இதுவரை தெரியாது.

"ஏன் சொல்லல?"

"நீ சனிக்கெழம வருவ. பசியோட வருவ. இதச் சொல்லவா நேரம்?"

நவம்பர் பிறந்தது. கல்யாணமாகி ஸ்போகேன் நகரத்தில் இருக்கும் இங்காவிடமிருந்து கடிதம் வந்தது. குளிர்காலத்துக்கு இரண்டு பேரும் வாருங்கள், மாடியில் அறை இருக்கிறது என்று. மாட்டை யார் பார்ப்பது என்றார் ஹால்வர். நீ பாரு என்றாள் ரக்னா. டிசம்பர் நாலாம் தேதி வண்டிக்குத் தான் மட்டும் போவதாகச் சொன்னாள். திரும்பி வருவது எப்போது என்று சொல்லவில்லை.

அடுத்த வாரமெல்லாம் ஹால்வர் ஒரு வேலையில் இறங்கினார். கேங்கில் கழித்துப் போட்ட பனிவேலித் தட்டிகள் ஸ்டேஷன் பக்கம் குவியலாகக் கிடந்தன. கேட்டு வாங்கி, வெண்டலினின் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். இடைவெளி விட்டுப் பலகை அடித்த, ஆளுயரத் தட்டிகள். கருகிய மரங்களுக்கு மேற்கே, எண்பதடி தள்ளி, வரிசையாகச் சாய்த்து நட்டு முட்டுக் கொடுத்தார். கொப்புளம் ஆறாத கையில் துணி சுற்றியிருந்தது.

"என்ன மேஸ்திரி, இந்தப் பக்கம் ரயில் வரப்போகுதா?" என்றார் வெண்டலின். "சொன்னா நானும் ஒரு டிக்கெட் எடுத்து வெப்பேன்."

"பேசாம அந்த முட்டுக்கட்டயப் பிடி."

"என் வீட்டுக்காரி சொல்றா, ரக்னாவ விட்டா உனக்கு ஒரு காபி போடத் தெரியாதாம். கால்ல விழுந்தாவது நிறுத்துன்னா."

"கால்ல விழுந்தா அவ என்னத் தாண்டிட்டு நடப்பா."

"அதுவும் சரிதான்," என்றார் வெண்டலின். அடுத்த தட்டியைத் தூக்கிக் கொடுத்தார்.

கடைசித் தட்டியை நடும்போது ரக்னா வந்தாள். தலையில் கம்பளித் துணி, கையில் காபிக் குவளை. வேலி வரிசையை நடந்து பார்த்தாள்.

"இது எதுக்கு?"

"காத்து இந்தத் தட்டில மோதினா வேகம் கொறஞ்சிரும். தூக்கிட்டு வர்ற பனியெல்லாம் பின்னாடி கொட்டிரும். எட்டடிக்குக் குமியும். பாதையில விழாம இருக்கறதுக்கு இதத்தான் போடுவோம். இங்க குமிஞ்சா வசந்தத்துல உருகி வேருக்கு எறங்கும். வேர் செத்திருக்காது, ரக்னா. மேலதான் எரிஞ்சிருக்கு. தளிர்க்கும்."

ரக்னா அவரையே பார்த்தாள். குவளையிலிருந்து ஆவி போய்க்கொண்டிருந்தது.

"இது உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"முப்பத்தேழு வருஷமாத் தெரியும்."

"எனக்கு முப்பது வருஷமாத் தெரியும். உன் கிட்ட தட்டி இருந்துச்சு, என் கிட்ட புல்லு. அந்தப் புல்லுதான் பனியப் பிடிச்சு என் மரத்துக்குக் குடுத்துச்சு. வாளித் தண்ணியிலயா அந்த உசரம் வளந்துச்சுன்னு நெனச்ச?"

ஹால்வரின் கை முட்டுக்கட்டை மேல் அப்படியே நின்றது. வெண்டலின் எதையோ தேடுபவர்போல வண்டிப் பக்கம் போய்விட்டார்.

"ஒரே விஷயந்தான்," என்றாள் ரக்னா. "ரெண்டு பேருக்கும் தெரிஞ்சிருக்கு. பேசிக்கிட்டதில்ல."

"அதுக்காகவா போற?"

"மரத்துக்காகப் போறேன்னு நெனச்சுக்காத. நான் யாரையும் கேக்காம முடிவு பண்ணியே பழகிட்டேன். நீயும் அப்படியே. ரெண்டு மேஸ்திரி இருக்கற கேங்குல எந்த வேல நடக்கும்? கொஞ்ச நாளு நான் மேஸ்திரியா இல்லாம இருந்து பாக்கறேன். இங்கா சொல்ற எடத்துல உக்காருவேன்."

"என்ன வேணா சொல்லு, நான் செய்றேன். நீயே மேஸ்திரி."

"அதான் வேணாங்கறேன்," என்றாள். காபியை அவர் கையில் கொடுத்தாள். "ஆறிடுச்சு. குடி."

நாலாம் தேதி ரயில் ஏழு நிமிஷம் தாமதம். ஹால்வர் ஸ்டேஷனில் தன்னையறியாமல் தண்டவாளத்தின் இணைப்புத் தகடுகளைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். ரக்னா ஒரு பெட்டியும், தாளில் சுற்றிய உருளைக்கிழங்கு ரொட்டியும், ஒரு பாட்டில் பிளம் ஜாமும் எடுத்துக்கொண்டு ஏறினாள். முப்பத்தேழு வருஷமாக ஞாயிற்றுக்கிழமைகளில் கிளம்பிப் போனவர் அவர். நின்று பார்ப்பது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது. வண்டி வளைவில் மறைந்த பிறகும் தண்டவாளத்தைக் குனிந்து பார்க்க அவருக்கு மனசு வரவில்லை.

பனி நன்றாகவே விழுந்தது. தட்டிகளுக்குப் பின்னால் எட்டடிக்குக் குமிந்து, ஏப்ரலில் மெல்ல உருகியது. மே கடைசியில் காரகானாவின் அடியில் பச்சை தெரிந்தது. அப்புறம் பிளம், பதினொன்று. பாப்ளரில் இரண்டு மட்டும். பாத்திரம் கழுவிய தண்ணீரை ஹால்வர் வாளியில் சுமந்தார். முதுகு விட்டுப்போனது, இதை ஒருத்தி முப்பது வருஷம் செய்தாள் என்று ஒவ்வொரு வாளிக்கும் நினைத்துக்கொண்டார். எல்லாவற்றையும் கடிதத்தில் எழுதினார். பதில் சின்னதாக வந்தது. இங்காவுக்கு அக்டோபரில் குழந்தை. இந்த வருஷம் வருவதற்கில்லை. அடுத்த வருஷம் பார்க்கலாம். புல் முளைத்திருக்குமே, அதை வெட்டாதே.

அடுத்த வருஷம். அந்த வார்த்தையை ஹால்வர் நன்றாக அறிவார். எத்தனையோ முறை அவரே சொன்னது.

ஜூலையில் ஒருநாள் சாயங்காலம் வெண்டலின் வந்தார். பேச்சுவாக்கில் மேற்கே கையைக் காட்டினார்.

"புல்லு மொழங்காலத் தாண்டிருச்சு. காஞ்சா ஆபத்து. என் அறுப்பு மிஷினக் கொண்டாரவா? அர மணி நேரம்."

"அது என் பக்கம் இல்ல. சொந்தக்காரியக் கேக்கணும்."

வெண்டலின் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. வாசற்படியில் உட்கார்ந்தபோதுதான் மேற்குக் கதவுக்கு வெளியே பெண்கள் போடும் பழைய பூட்ஸ் ஒரு ஜோடி கிடப்பதைக் கவனித்தார். மேற்கு ஜன்னலில் விளக்கு ஏற்றியிருந்தது.

"ஹால்வர், கேக்கறேன்னு நெனக்காத. என் வீட்டுக்காரி குளுர்காலத்துலேந்து கேட்டுக்கிட்டிருக்கா. ஒரு நாள் இந்த ஜன்னல்ல வெளக்கு, ஒரு நாள் அந்த ஜன்னல்ல. யாரு இருக்கா அங்க?"

"நான்தான். ஒரு ராத்திரி அங்க, ஒரு ராத்திரி இங்க. அவ பாதியில ஆள் இருக்கணும்ல."

"எதுக்குப்பா? பட்டா வாங்கித்தான் முப்பத்தஞ்சு வருஷம் ஆச்சே. எவன் வந்து பாக்கப்போறான்?"

"யாரும் வர மாட்டான்."

"அப்புறம்? எவ்வளவு நாளைக்கு?"

"மூணு வருஷம்னுதான் சட்டம். டிசம்பருலேந்து இது எட்டாவது மாசம்."

வெண்டலின் தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டார். இருவரும் புல் அசைவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் கிளம்பிப் போன பிறகு ஹால்வர் எழுந்து, பூட்ஸ் இரண்டையும் தூக்கித் தூசி தட்டி, அன்று காலை வைத்திருந்ததற்கு மாறாகத் திருப்பி வைத்தார். உள்ளே போய் ஆணி வரிசையைத் தாண்டி ரக்னாவின் கட்டிலில் உட்கார்ந்தார். நேற்றிரவு காலியாகக் கிடந்த கட்டில். ஜூலை மாதம்தான், ஆனாலும் குளிர்ந்தது.